கைருன் பீவி வளர்த்த பூச்சி

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் மாசிலாமணி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் ஜமாஅத் பெரியவர்களே! இன்று ஏரிக்குப் போகாமல் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு வந்திருக்கும் கோட்டைக்குப்பத்து மீனவத் தோழர்களே! தாய்மார்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த கைருன் பீவி அம்மையாரின் மகள் ராபியா அவர்களே! உங்கள் எல்லோரையும் தலைவணங்கிப் பேசத் தொடங்குகிறேன்.

என் பெயர் ஞானதாஸ். இங்குள்ள மலேரியா ஆய்வு நிலையத்தின் ஆராய்ச்சி அலுவலர். 'மலேரியா சார்' என்றால்தான் உங்களுக்குத் தெரியும். நம்மை விட்டுப் பிரிந்த கைருன் பீவி அவர்கள் ஒன்பது ஆண்டுகள் என்னிடம் வேலை பார்த்தார். 'என்னிடம்' என்று சொல்லிவிட்டேன், பாருங்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் அழுதார்கள். இந்தப் பள்ளிக்கூடக் கூடத்தில் இடம் போதாமல் கொடிக்கம்பம் வரைக்கும் ஆட்கள் நிற்கிறீர்கள். பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு, அவருடைய உடலை வைத்த சந்தூக்கை அடக்கத்துக்காக மையவாடிக்குத் தூக்கிப் போனோமே, அன்று தோள்கொடுக்க எத்தனை பேர் முண்டியடித்தீர்கள்! நானும் உள்ளே புகுந்தேன். நாலைந்து அடிதான் நடந்திருப்பேன். 'சார், வுடுங்கோ' என்று பின்னாலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார். அப்போது என் நெஞ்சில் இருந்தது என்ன? துக்கமா? துக்கமும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று வந்து நின்றது. 'பாட்டில் கழுவ வந்த பெண்ணுக்கு இவ்வளவு கூட்டமா! நான் செத்தால் இதில் பாதியாவது வருமா?' என்று எண்ணினேன்.

ஆம், பொறாமை! சாவு வீட்டிலும் என்னை விடாத பொறாமை! ஒன்பது ஆண்டுகளாக இந்த அம்மையார் மேல் நான் பொறாமைப்பட்டுக்கொண்டே இருந்தேன். அவருடைய புகழைப் பேச இந்த ஊரில் நூறு பேர் உண்டு. அவர் எவ்வளவு பெரியவர் என்பதை, அவரைப் பார்த்து வயிறெரிந்தவனைவிட யாரால் சரியாகச் சொல்ல முடியும்?

எழுபத்தெட்டாம் ஆண்டு ஜூன் மாதம் கடைவீதிக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வாடகைக் கட்டிடத்தில் எங்கள் நிலையம் தொடங்கியது. கணவரைக் கடலில் பறிகொடுத்த கைருன் பீவி அவர்கள், முப்பத்தைந்து வயதில், எட்டாம் வகுப்புச் சான்றிதழோடு வேலை கேட்டு வந்தார். கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவும் வேலை. நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவன். முதல் நாள் அவரை 'நீ' என்று அழைத்தேன். கடைசி வரை 'நீ' என்றே அழைத்தேன். 'அவர்கள்' என்று இன்றுதான் சொல்கிறேன். கேட்க அவர் இல்லை.

எங்கள் வேலை என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. காய்ச்சல்காரர்களின் விரலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும். கொசு நம் இரத்தத்தில் விட்டுப்போகும் ஒட்டுண்ணிதான் மலேரியாவுக்குக் காரணம். அம்மையார் அதைப் 'பூச்சி' என்பார். நானும் இன்று அப்படியே சொல்கிறேன். அந்தப் பூச்சி மனித உடம்புக்கு வெளியே ஓரிரு நாளில் செத்துவிடும். செத்த பூச்சியை வைத்துக்கொண்டு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வளர்க்க வேண்டும். அதற்கு ஒரு வழியை அப்போதுதான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். சின்னக் கண்ணாடித் தட்டுகளில் நல்ல மனிதரின் இரத்த அணுக்களையும் இரத்தத் தெளிவையும் ஊட்ட நீரையும் ஊற்றி, அதில் காய்ச்சல்காரரின் இரத்தத்தில் சிறு துளி விட வேண்டும். தட்டுகளை ஒரு பெரிய கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, கூடவே மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி வைத்து மூட வேண்டும். மூடியிலுள்ள திருகு மட்டும் திறந்திருக்கும். காற்றைத் தின்று சுடர் அணையும் தறுவாயில் திருகை அடைக்க வேண்டும். மிச்சமிருக்கும் அந்தக் காற்றுதான் பூச்சிக்குப் பிடிக்கும். பிறகு நம் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். ஊட்ட நீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது.

கேட்க எளிது. நான் எழுபத்தொன்பதில் தொடங்கினேன். ஓராண்டு முழுக்க முயன்றேன். ஒரு தட்டுகூட ஐந்து நாள் தாண்டவில்லை. இரத்தம் கொடுக்க ஊரில் எல்லோரும் பயந்ததால் என் இரத்தத்தையே எடுத்து ஊற்றினேன். என்னுடையது ஓ வகை, யாருக்கும் ஒத்துப்போகும். கம்பவுண்டர் அந்தோணிசாமி ஊசி போட்டு எடுப்பார். 'என் உதிரத்தைக் கொடுத்து வளர்க்கிறேன்' என்று சென்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம்கூட எழுதினேன். எவ்வளவு பெருமை! பூச்சியோ செத்துக்கொண்டே இருந்தது. தட்டு சரியாகக் கழுவவில்லை என்று கைருன் பீவி அவர்கள்மேல் எரிந்து விழுந்தேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. ஏழு தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து பத்துத் தண்ணீரில் அலசினார்.

எண்பதாம் ஆண்டு மே மாதம் என் தங்கையின் திருமணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். போகும்போது, 'இருப்பதையெல்லாம் கொட்டிக் கழுவி வை' என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால், சூட்டுப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஜாடி. ஜாடிக்குள் நான்கு தட்டு.

"இது என்ன?" என்றேன்.

"நீங்க போன மறுநாளு எளாவூர்லேந்து ஒரு லாரிக்காரர் காய்ச்சலோட வந்தாரு சார். ரத்தம் எடுத்தோம். கொட்டிட மனசு வரல. நீங்க செய்றத பாத்துனுதானே கீறேன், அப்படியே செஞ்சேன். நானும் ஓ தானே? அந்தோணிசாமி அண்ணன்கிட்ட சொல்லி என் ரத்தத்தையே எடுத்து ஊத்தினேன்."

ஒரு துளியை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். எட்டாவது நாள் இரத்தம். செத்திருக்க வேண்டிய பூச்சி. பார்த்தால், அணுவுக்கு அணு மோதிரம் மோதிரமாக உட்கார்ந்திருக்கிறது! இளம் பூச்சி அப்படித்தான் இருக்கும், சின்ன மோதிரம் போல. நூறு அணுவுக்கு நான்கில் இருந்தது. மறுபடி எண்ணினேன். ஐந்து முறை எண்ணினேன். தப்பாக இருக்கக் கூடாதா என்று எண்ணினேன், நண்பர்களே! ஓராண்டாக நான் தவம் கிடந்த காட்சி. அதைப் பார்த்து ஒரு விஞ்ஞானி துள்ளியிருக்க வேண்டாமா?

"யாரைக் கேட்டு இதில் கை வைத்தாய்?" என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிப்போனது. "தப்புதான் சார்" என்றார். உலகத்தில் சில இடங்களில் மட்டுமே கைகூடியிருந்த காரியத்தைப் பழவேற்காட்டில் செய்து காட்டிவிட்டு, 'தப்புதான் சார்' என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார்!

அன்றிலிருந்து என் பொறாமைக்கு வேலை அதிகமானது. அவருடைய கையைப் பார்ப்பேன். சுண்ணாம்பும் சோப்பும் தின்ற கை. அதில் என்ன இருக்கிறது? அதே தட்டு, அதே ஜாடி, அதே மெழுகுவர்த்தி. நான் வைத்தால் சாகிறது, அவர் வைத்தால் பிழைக்கிறது. அந்தோணிசாமி, 'கைராசி சார்' என்றார். இரண்டு நாள் அந்தோணிசாமியோடு நான் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம், யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கைருன் பீவி அவர்கள் என் மேசைக்கு வந்தார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்கோ. ஒன்னு கேக்கலாமா?"

"கேள்."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம மலேரியா மாத்திர போடுறீங்க இல்ல?"

"போடுகிறேன். எல்லா ஊழியரும் போட வேண்டும் என்று உத்தரவு. நீயும்தானே?"

"எனக்கு அது ஒத்துக்கல சார். ஒடம்பெல்லாம் அரிக்குது. நா வுட்டு ரொம்ப நாளாவுது." சற்று நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க ரத்தத்துல மருந்து கீது சார். அதான் பூச்சி சாவுது. உங்க கையில ஒன்னும் கொற இல்ல."

கேட்டீர்களா? மருந்து ஓடும் இரத்தத்தை ஊற்றிவிட்டு, பூச்சி ஏன் சாகிறது என்று ஓராண்டு தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான்! எம்.எஸ்ஸி. படித்த நான்! எட்டாம் வகுப்புப் படித்தவர் இரண்டு வரிசைத் தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மூன்று வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்ததோடு நில்லாமல், நான் வெட்கப்படக் கூடாதே என்று கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். அந்த இரண்டாவதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. அவர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால் நான் அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. ஏழு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று நான் சொல்லித்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

அதன் பிறகு அவருடைய இரத்தத்திலேயே பூச்சிகளை வளர்த்தோம். மாதத்துக்கு ஒருமுறை கை நீட்டுவார். சென்னையிலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். 'உங்கள் நிலையத்தில் எப்படி ஐயா வளர்கிறது?' என்று வியந்தார்கள். 'பொறுமை வேண்டும்' என்றேன். கைருன் பீவி அவர்கள் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கடினமானது. உங்களுக்குக் கேட்கவும் கடினமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்துமூன்றாம் ஆண்டு, ரம்ஜான் நோன்பு மாதம். நோன்பு வைத்திருப்பவரிடம் இரத்தம் எடுக்கக் கூடாது என்று அந்தோணிசாமி சொல்லிவிட்டார். கைருன் பீவி அவர்கள் என்னிடம் வந்தார். "சார், நோம்பு வர்ரதுக்கு முன்னாடியே மாத்திரைய நிறுத்திடுங்கோ. அந்த மாசம் உங்க ரத்தம்தான் வேணும்" என்றார். "சரி" என்றேன்.

நான் நிறுத்தவில்லை.

ஏன் நிறுத்தவில்லை? பயம் ஒரு காரணம். காய்ச்சலில் பிதற்றுபவர்களைத் தினமும் பார்ப்பவன் நான். ஆனால் அது மட்டுமா? இல்லை. 'பாட்டில் கழுவுகிறவள் எனக்கு மருந்து சொல்வதா?' என்ற எண்ணமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, மாத்திரை போட்டேன். அடுத்த ஞாயிறும் போட்டேன். அந்த இரத்தத்தையே எடுத்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைக்குப்பத்து அங்காளம்மாள் காய்ச்சலோடு வந்தார். அவருடைய கணவர் நாகப்பன் ஒரிசாக் கரையில் ஒரு பருவம் மீன்பிடி வேலைக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியிருந்தார். நாகப்பனுக்குக் குணமாகிவிட்டது. அங்காளம்மாளைக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. மாத்திரை கொடுத்தோம். இறங்கியது. பத்து நாளில் மறுபடி ஏறியது. மறுபடி மாத்திரை கொடுத்தோம். ஒரு திங்கட்கிழமை அவருடைய இரத்தத்தில் சிறிது எடுத்துக் கைருன் பீவி அவர்கள் என் இரத்தத்தில் விட்டு, ஜாடியில் வைத்து மூடினார்.

வியாழக்கிழமை பார்த்தேன். வளர்ந்திருந்தது! என் இரத்தத்தில்! நூற்றுக்கு மூன்று! நான் கூத்தாடாத குறைதான். "பார், என் இரத்தத்திலும் வளர்கிறது பார்!" என்று அவரை இழுத்து வந்து நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார வைத்தேன். "மாஷா அல்லாஹ்!" என்று சிரித்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்திரைய நிறுத்திட்டீங்க இல்ல சார்?" என்றார்.

"நிறுத்தியாயிற்று" என்றேன்.

மறுநாளும் மறுநாளும் அந்த மகிழ்ச்சியிலேயே இருந்தேன். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் போட்டேன். வாய்க்குக் கொண்டுபோன கை நின்றுவிட்டது. இந்த மருந்து ஓடும் இரத்தத்தில் அங்காளம்மாளின் பூச்சி வளர்கிறது என்றால், அதற்கு என்ன பொருள்? இந்த மருந்து அந்தப் பூச்சியைக் கொல்லவில்லை என்று பொருள்! இதே மாத்திரையைத்தானே அங்காளம்மாளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

அந்த நிமிடமே நான் ஓடியிருக்க வேண்டும். கோட்டைக்குப்பம் எவ்வளவு தூரம்? நான் ஓடவில்லை. ஓடினால் கைருன் பீவியிடம் 'பொய் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவருக்கு முன்னால் மறுபடி ஒருமுறை மடையனாக நிற்க வேண்டும். 'நாளைக்கு இன்னொரு தட்டு போட்டு உறுதிசெய்துகொள்வோம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவியல் என்ற பெயரில் பொறாமை எவ்வளவு அழகாகப் பேசுகிறது! ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை கைருன் பீவி அவர்கள் கோட்டைக்குப்பத்திலிருந்து நேராக வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அங்காளம்மா பேச்சு கொழறுது சார். ஆளத் தெரியல. கடைசி மாத்திர வுள்ள போயி நாலு நாளாச்சி, நேத்து எடுத்த ரத்தத்த பாத்தேன், பூச்சி கொறையவே இல்ல." என் மேசைமேல் கையை ஊன்றி நின்றார். "மெய்ய சொல்லுங்கோ. நீங்க மாத்திரைய நிறுத்தவே இல்லதானே?"

நான் தலையைக் குனிந்தேன்.

"உங்க மானம் எங்கிட்ட பத்திரமா கீது சார். அங்க ஒரு பொம்பள ரெண்டு உசுரோட சாகக் கெடக்குறா. சொல்லுங்கோ!"

"நிறுத்தவில்லை" என்றேன்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் நகர்த்தினார். "பெரியாஸ்பத்திரிக்கு எழுதுங்கோ. இந்த மாத்திர இவளுக்குக் கேக்காது, குயினைன் ஏத்துங்கன்னு எழுதுங்கோ. நா சொன்னா எவன் கேப்பான்? நீங்க எழுதினா கேப்பாங்கோ." எழுதினேன். சந்தையடியில் சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மீன் வண்டியை மறித்து, கூடைகளை இறக்கச் சொல்லி, அங்காளம்மாளைப் படுக்கவைத்து, நோன்பு வைத்த வாயோடு அந்த ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு பட்டணத்துக்குப் போனார். ஆறு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார். நோன்பைத் திறந்ததெல்லாம் அங்கேதான். அங்காளம்மாள் பிழைத்தார். வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை.

இரண்டு நாள் முன்னால் போயிருந்தால் அந்தப் பிள்ளை தங்கியிருக்குமா? எனக்குத் தெரியாது. டாக்டர்களைக் கேட்டேன், 'சொல்ல முடியாது' என்றார்கள். ஆனால் அந்த ஞாயிறும் திங்களும் என்னுடையவை. என்னைத் தவிர வேறு யாருடையவையும் அல்ல.

பிறகு என்ன நடந்தது? நம் பகுதியில் வழக்கமான மாத்திரைக்கு அடங்காத மலேரியா வந்துவிட்டது என்று நான் அறிக்கை எழுதினேன். ஊருக்கு வேறு மருந்து வந்தது. ஒரிசாவிலிருந்து திரும்பிய ஒவ்வொருவரின் இரத்தத்தையும் சோதித்தோம். அதற்குப் பிறகு நம் குப்பங்களில் அந்தக் காய்ச்சலால் ஓர் உயிரும் போகவில்லை. நீங்கள் எனக்கு விழா எடுத்தீர்கள். இதே கூடத்தில், இதே மேடையில், சரிகைச் சால்வை போர்த்தினீர்கள். அறிக்கையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. 'கைருன் பெயரைப் போடவில்லையா சார்?' என்று அந்தோணிசாமி கேட்டபோது, 'பட்டம் இல்லாதவர்கள் பெயரைப் போட விதியில்லை' என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது.

விழா முடிந்து நான் சால்வையோடு படியிறங்கினேன். வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். எனக்காக நிற்கிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போய்க் கைருன் பீவி அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று அந்தச் சால்வை என் தோளில் முள்ளாகக் குத்தியது.

மறு ஆண்டு நவம்பர்ப் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் சென்னையில் மாட்டிக்கொண்டேன். சாலை அறுந்துவிட்டது. ஐந்து நாள் மின்சாரம் இல்லை. சூடு இல்லாவிட்டால், அதுவரை தட்டில் தொடர்ந்து வளர்த்துவந்த அங்காளம்மாளின் பூச்சி ஒரே நாளில் போய்விடும். புதிய மருந்துகளைச் சோதிக்க அந்தப் பூச்சிதான் வேண்டும் என்று தலைமை அலுவலகம் காத்திருந்த நேரம். எல்லாம் போயிற்று என்றே முடிவுகட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனத்தின் ஒரு மூலை அதில் சந்தோஷப்பட்டது. 'அவர் வளர்த்தது இனி இல்லை' என்றது.

தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால், இஸ்மாயில் பாயின் ரொட்டிக் கடையில், அடுப்புக்கு மேலே மாவு பொங்க வைக்கும் பலகையில், பன் மாவுக்குப் பக்கத்தில் எங்கள் ஜாடி உட்கார்ந்திருக்கிறது! உடம்புச் சூடு எங்கே கிடைக்கும் என்று வெப்பமானியை எடுத்துக்கொண்டு கடைவீதி முழுக்க வீடு வீடாக அளந்திருக்கிறார். இஸ்மாயில் பாய் என்னைப் பார்த்ததும், "வாங்க சார். இந்தம்மா எங்கடைல காய்ச்சல வச்சி வளக்குது. ஊருக்குத் தெரிஞ்சா எவன் எங்கிட்ட பன்னு வாங்குவான்?" என்றார். "வாய மூடுங்கோ பாய், ஜாடி மூடித்தானே கீது" என்றார் அம்மையார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐந்து நாளும் விறகு நனையாமல் அடுப்பைக் காத்த இஸ்மாயில் பாய் அதோ பின்வரிசையில் இருக்கிறார். அவருக்கும் நான் இதுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த ஆண்டு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கிய பிறகும் வேலைக்கு வந்தார். கடைசி வாரம் நான் அவருடைய வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று போனேன். ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. "தட்டு எப்படி சார் கீது?" என்று கேட்டார். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உண்மையில் அன்று காலைதான் இரண்டு தட்டு என் கையில் செத்திருந்தது.

இன்று காலை, இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால், கோட்டைக்குப்பம் போனேன். அங்காளம்மாளிடமும் நாகப்பனிடமும் அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொன்னேன். நாகப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். அங்காளம்மாள் சொன்னார்: "எங்கிட்ட சொல்லி அழுதா ஆச்சா? கைரு பேரு ஊருக்குத் தெரியவாணாம்? போயி மேடையில சொல்லு. நாலு பேரு காறித் துப்பினா தொடச்சிக்கோ. ஆனா சொல்லு." அவர் சொன்னதால்தான் சொன்னேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரியோர்களே! தாய்மார்களே! சென்னைக்கும் தில்லிக்கும் இன்று கடிதம் அனுப்பிவிட்டேன். அந்தப் பூச்சியை வளர்த்தவர், அது மருந்துக்கு அடங்காததைக் கண்டுபிடித்தவர், காத்தவர், எல்லாம் பழவேற்காடு கைருன் பீவி என்று எழுதியிருக்கிறேன். அவர் பெயரை என் பெயருக்கு மேலே எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. அதையும் மறைக்க மாட்டேன். பிறகு எழுதிவிட்டேன். இதற்காக வேலை போனால் போகட்டும்.

போகும்வரை செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அங்காளம்மாளின் பூச்சியின்மேல் சோதிப்பதற்காகப் பதினொரு புதிய மருந்துகளைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நான்கை அம்மையார் முடித்துவிட்டார். ஏழு மீதி. பூச்சிக்கு இரத்தம் வேண்டும். கொடுக்க மனமுள்ளவர்கள் நாளை வியாழக்கிழமை காலை நிலையத்துக்கு வாருங்கள், அந்தோணிசாமி இருப்பார். அந்த ஏழையும் நான் முடிப்பேன். இது உங்கள் முன்னால் நான் எடுக்கும் உறுதி. தட்டுகள் என் கையில் சாகும். மறுபடி வைப்பேன். மறுபடியும் செத்தால் மறுபடியும் வைப்பேன்.

நிலையத்துக்கு வருகிறவர்கள் என் வேலையைப் பார்த்துவிட்டு, 'கைருன் இருந்திருந்தா இதைவிட நல்லா செஞ்சிருக்கும்' என்று பேசிக்கொள்வீர்கள். என் காதில் விழாமல் மெல்லச் சொல்வீர்கள். வேண்டாம். என் காது கேட்கவே சொல்லுங்கள். எனக்குச் சுருக்கென்று தைக்கும். தைத்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் கவனமாகச் செய்வேன்.